செஞ்சோற்றுக் கடனும் குடும்ப நலமும்

தமிழில் 'குடும்ப நலம்' என்ற சொல்லை மூன்று இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் 'குடும்ப நல அறுவைச் சிகிச்சை' என்றால் கருத்தடை. நீதிமன்ற வளாகத்தில் 'குடும்ப நல நீதிமன்றம்' என்றால் மணவிலக்கு கேட்டு நிற்கும் இடம். தலைமைச் செயலகத்தில் அது ஒரு துறையின் பெயரில் பாதி. பிள்ளை போதும் என்பதற்கும் புருஷன் வேண்டாம் என்பதற்கும் குடும்ப நலம் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியபின் அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலர் இழுத்துவரப்பட்டவர்கள், ஏழைகள். 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றதில் அந்தக் கோபத்துக்குப் பெரிய பங்குண்டு. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரே அத்தோடு கெட்டுப்போனது. மத்திய அரசு அதைக் 'குடும்ப நலம்' என்று மாற்றியது. பெயர் மாறியபோது கத்தியும் ஆணின் உடலிலிருந்து பெண்ணின் உடலுக்கு நகர்ந்தது. இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே ஓர் அரசு குடும்பத்தின் நலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யாருடைய உடலைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுந்த இடம் நடு ஐரோப்பா. நாம் பட்ட அனுபவத்துக்கு நேர் எதிரான திசையில் அங்கே அது எழுந்தது. 'பெறாதே' என்று சொல்லாமல் 'பெறு' என்று சொன்ன அரசுகள் அவை. போலந்திலும் ஹங்கேரியிலும் தேர்தலில் வென்று வந்த கட்சிகள் நீதிமன்றங்களைத் தம் ஆட்களால் நிரப்பின. பொதுத் தொலைக்காட்சியைக் கட்சித் தொலைக்காட்சியாக்கின. ஹங்கேரியின் விக்டோர் ஓர்பான் 2014இல் ஓர் உரையில், தாம் கட்டுவது தாராளவாதமற்ற ஓர் அரசு என்று தாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதே கைகள்தான் குடும்பங்களுக்குப் பணத்தையும் எடுத்து நீட்டின. அதற்கு முன் அந்நாடுகளில் மக்களாட்சி பேசிய எந்த அரசும் நீட்டாத அளவுக்கு.

உரிமையைப் பறிக்கும் அரசு நீட்டும் பணத்தை ஒரு பெண் வாங்கலாமா? வாங்கிவிட்டால் அவள் யாருக்கு என்ன கடன்பட்டவள் ஆகிறாள்?

போலந்தில் 'சட்டமும் நீதியும்' என்ற கட்சி 2015 அக்டோபரில் தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் '500 பிளஸ்' திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்லோட்டி. வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் முதல் குழந்தைக்கும் உண்டு. மூன்று பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு 1500 ஸ்லோட்டி வந்தது. அந்த ஆண்டு அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளமே, பிடித்தம் போவதற்கு முன், 1850 ஸ்லோட்டிதான். தீவிர வறுமையில் இருந்த குழந்தைகளின் விகிதம் முதலாண்டிலேயே வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குக் குளிர்காலக் காலணி வாங்க முடிந்தது. கடலையே பார்த்திராத குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் பால்டிக் கடற்கரைக்குப் போயின.

நகரத்துப் படித்தவர்களிடமிருந்து உடனே கேலி கிளம்பியது. 500 பிளஸ்காரர்கள் வந்து கடற்கரையை அசிங்கப்படுத்துகிறார்கள், அரசு கொடுக்கும் பணத்தைக் குடித்தே தீர்க்கிறார்கள் என்றெல்லாம் பேச்சு. இதைப் படித்தபோது எனக்கு எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை. கட்டணமில்லாப் பேருந்தில் ஏறும் பெண்களைப் பார்த்து 'ஓசி' என்று ஓர் அமைச்சரே மேடையில் சொல்லக் கேட்டவர்கள் நாம். பணம் இல்லாதவள் கையில் பணம் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் பத்துப் பேர். அதுவரை ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் இருப்பதில்லை.

அதுவரை ஏன் வரவில்லை என்பதற்குப் போலந்தில் ஒரு முன்கதை உண்டு. கம்யூனிச ஆட்சிக் காலத்திலிருந்து அங்கே ஜீவனாம்ச நிதியம் ஒன்று இருந்தது. பிரிந்துபோன தகப்பன் பிள்ளைக்குத் தரவேண்டிய தொகையைத் தராமல் ஏமாற்றினால், அரசு அந்தத் தொகையைத் தாய்க்குக் கொடுத்துவிட்டு அவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். 2003இல் அந்த நிதியத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது வலதுசாரி அரசல்ல, இடதுசாரி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் அவசரத்தில் செலவைக் குறைத்தார்கள். தனித்து வாழும் தாய்மார்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிப் போராட வேண்டியிருந்தது. நிதியம் திரும்ப வந்தது 2008இல்தான், அதுவும் வருமான வரம்போடு. 'பணம் இல்லை, நாடு முன்னேறிக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்' என்று 25 ஆண்டுகளாகக் கேட்டவளிடம் ஒரு நாள் ஒருவன் வந்து 'பணம் இருக்கிறது, உனக்குத் தருகிறேன்' என்றான். அவனுக்கு வாக்களித்தவளை அறியாமையில் இருந்தவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் மரபில் இந்த நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். கர்ணனின் குலம் என்னவென்று கேட்டு அவையில் கூசவைத்தவர்கள் அறத்தின் பக்கம் நின்றவர்கள். அங்க நாட்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்தவன் துரியோதனன். தின்ற சோற்றுக்காகக் கர்ணன் அதர்மத்தின் பக்கம் நின்று செத்தான். இந்தக் கதையில் நாம் எப்போதும் கர்ணனுக்காகவே அழுகிறோம். தெருக்கூத்தில் விடியவிடிய உட்கார்ந்து அழுகிறோம். கர்ண மோட்சக் கூத்தில் அவன் மனைவி பொன்னுருவி வருவாள். துரியோதனன் வீட்டுச் சோற்றுக்கு அவள் எந்த வாக்கும் கொடுத்தவளல்ல. ஆனால் அந்தக் கடனை அடைக்கத் தாலி அறுப்பவள் அவள்தான். கடன் வாங்கியவன் பெயரில் காவியம் இருக்கிறது. கட்டியவளுக்கு ஒரு காட்சி.

போலந்திலும் ஹங்கேரியிலும் நடந்ததை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். அரசு சோறு போட்டது குடும்பத்துக்கு. கடனைக் கட்டச் சொன்னது பெண்ணின் உடலை.

500 பிளஸ் வந்த அதே 2016ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். முந்தைய அரசு 2013இல் தொடங்கியிருந்த செயற்கைக் கருத்தரிப்புக்கான நிதியுதவியை, குழந்தைகள் வேண்டும் என்று முழங்கிய இந்த அரசு அந்த ஆண்டு நிறுத்தியது. திருச்சபைக்கு அது உவப்பானதல்ல. அக்டோபர் 3, திங்கட்கிழமை, கருக்கலைப்பை முற்றாகத் தடைசெய்யும் சட்ட முன்வரைவை எதிர்த்துப் போலந்துப் பெண்கள் கறுப்பு உடுத்தி வேலைக்குப் போகாமல் தெருவுக்கு வந்தார்கள். முன்வரைவு மூன்றே நாளில் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் கட்சித் தலைவர் யாரோஸ்வாஃப் கச்சின்ஸ்கி ஒரு நேர்காணலில் தம் நிலையைத் தெளிவாக்கினார். பிழைக்கவே வாய்ப்பில்லாத, கடுமையாக உருக்குலைந்த கருவாக இருந்தாலும் அது பிறக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், பெயர் வைக்கலாம், அடக்கம் செய்யலாம் என்றார். அடுத்த மாதம் ஒரு சட்டம் வந்தது. கடும் ஊனத்தோடு அல்லது உயிர்பிழைக்க முடியாத நோயோடு குழந்தை பிறந்தால் 4000 ஸ்லோட்டி, ஒரே ஒரு முறை.

ஒரே ஒரு முறை என்பதன் பொருள் 2018இல் விளங்கியது. அந்த ஏப்ரலில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள், பெரும்பாலும் தாய்மார்கள், வளர்ந்துவிட்ட தங்கள் பிள்ளைகளைச் சக்கர நாற்காலிகளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வார்சாவில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் படுக்கை விரித்தார்கள். அங்கேயே பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள், உடை மாற்றினார்கள். அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? 18 வயது கடந்த, தானாக வாழ இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 500 ஸ்லோட்டி. எந்த 500 ஸ்லோட்டியை எல்லா மேடைகளிலும் காட்டிக் கட்சி வாக்குக் கேட்டதோ, அதே 500. கட்டில்லாத பணமாகத் தர முடியாது என்றது அரசு. ஓய்வூதியத்தைக் கொஞ்சம் உயர்த்தியது; கேட்டதைக் கொடுக்கவில்லை. 40 நாள் இருந்துவிட்டு மே மாதக் கடைசியில் அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2020 அக்டோபர் 22 அன்று, அந்நாட்டின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் கலைக்கலாம் என்ற சட்டப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு போலந்தில் சட்டப்படி நடந்த கருக்கலைப்புகள் ஆயிரத்துச் சொச்சம். அவற்றில் ஏறக்குறைய 97 விழுக்காடு இந்தக் காரணத்தால் நடந்தவை. ஆகவே மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், குளிரில், லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றார்கள்.

பிறக்காத குழந்தைக்காகத் தீர்ப்பாயம் கூடும். பிறந்து, வளர்ந்து, முப்பது வயதிலும் தாய் தூக்கிக் கழிப்பறையில் உட்காரவைக்க வேண்டிய மகனுக்கு மாதம் 500 கிடையாது. 'இவர்களுக்குக் குழந்தைகள்மேல் அக்கறையில்லை, வெறும் பாசாங்கு' என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. இந்த அரசுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் அது நேர்மையாகவே நடந்துகொண்டது. நாளை வரி கட்டப்போகிற, படையில் சேரப்போகிற, இனத்தின் எண்ணிக்கையை உயர்த்தப்போகிற குழந்தை அதற்கு வேண்டும். அந்தக் குழந்தை வந்து சேரும் வழி பெண். வழிக்குச் செலவிடுவார்கள், சாலைக்குத் தார் போடுவதைப் போல. சாலையிடம் விருப்பம் கேட்பதில்லை.

ஹங்கேரியில் இந்தக் கணக்கை இன்னும் பச்சையாக எழுதினார்கள். 2019இல் ஓர்பான் அறிவித்த குடும்பத் திட்டத்தில், மணமான தம்பதிக்கு ஒரு கோடி ஃபோரின்ட் வரை வட்டியில்லாக் கடன் உண்டு. மனைவியின் வயது 18க்கும் 40க்கும் இடையில் இருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்காவது அது முதல் திருமணமாக இருக்க வேண்டும். ஒருவராவது மூன்றாண்டு தொடர்ந்து சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்தால் கடனில் 30 விழுக்காடு தள்ளுபடி; மூன்றாவது பிறந்தால் முழுவதும் தள்ளுபடி. ஐந்தாண்டுக்குள் ஒரு குழந்தையும் பிறக்காவிட்டால் வட்டிச் சலுகை போய்விடும். அதுவரை அனுபவித்த சலுகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். நான்கு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு வாழ்நாள் முழுவதும் வருமான வரி இல்லை.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த நிபந்தனைகளை விளக்கவே வேண்டாம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் 'விசேஷம் ஒன்றும் இல்லையா' என்று கேட்கும் மாமியார் இங்கே ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அந்த மாமியாருக்கு வங்கிக் கணக்கும் முத்திரைத் தாளும் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. இங்கே வாயால் கேட்பாள். அங்கே வட்டியாகக் கேட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் வரும் பழைய குடும்பப் படி ஒன்று ஹங்கேரியில் உண்டு. அது ஒரு குழந்தைக்கு 12,200 ஃபோரின்ட். 2008இல் இருந்த அந்தத் தொகையை ஓர்பான் அரசு உயர்த்தவே இல்லை. விலைவாசி ஏறஏற அது செல்லாக்காசாகிக்கொண்டே போனது. பெரும்பணம் போனது வரிச் சலுகைக்கும் வீட்டுக் கடனுக்கும். வரிச் சலுகை சம்பளம் இருப்பவருக்கு; சம்பளம் அதிகமானால் சலுகையும் அதிகம். நிலையான வேலை கிடைக்காதவர்களுக்கு, அவர்களில் ரோமா மக்கள் கணிசமானவர்கள், எட்டாத பணம் அது. ஆக, பிள்ளை பெறு என்று சொன்னது எல்லாப் பெண்களையும் பார்த்து அல்ல. எந்தப் பெண்ணின் பிள்ளை நாட்டின் பிள்ளை, எந்தப் பெண்ணின் பிள்ளை நாட்டுக்குச் சுமை என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. எழுதாமலே பிரித்துவிட்டார்கள். சாதியை எழுதாமலே சாதி பார்க்கும் விண்ணப்பப் படிவங்களைப் பூர்த்திசெய்து பழகியவர்களுக்கு இதுவும் புரியும்.

மற்றவை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 2018இல் பாலின ஆய்வுகள் என்ற முதுநிலைப் படிப்புக்கான அங்கீகாரத்தை அரசாணை ஒன்றால் நீக்கினார்கள். 2020 மே மாதம், வீடுகளுக்குள் எல்லோரும் பூட்டிக் கிடந்த பெருந்தொற்றின் நடுவில், பெண்கள் மீதான வன்முறைக்கும் குடும்ப வன்முறைக்கும் எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையை ஏற்க மாட்டோம் என்று ஹங்கேரி நாடாளுமன்றம் அறிவித்தது. அந்த டிசம்பரில், தாய் என்பவள் பெண், தகப்பன் என்பவன் ஆண் என்று அரசியலமைப்பிலேயே எழுதிச் சேர்த்தார்கள். தனியாக வாழும் ஒருத்தி தத்தெடுக்க வேண்டுமானால் குடும்பத் துறை அமைச்சரின் அனுமதி வேண்டும் என்று ஆனது. 2022 செப்டம்பரில் இன்னோர் ஆணை: கருக்கலைப்புக்கு வரும் பெண்ணுக்கு, கருவின் உயிர்த்துடிப்பை மருத்துவர் தெளிவாக உணரச்செய்து, அதற்குச் சான்றும் எழுத வேண்டும். நாட்டின் பெயர் பெற்ற பாலின ஆய்வாளரான வரலாற்றாசிரியர் ஆந்த்ரேயா பெத்தோ பாடம் நடத்திய பல்கலைக்கழகம் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குப் பெயர வேண்டியிருந்தது. அவரும் போலந்தின் வெரோனிகா க்ஷெபால்ஸ்காவும் இந்த ஆட்சிகளைப் பற்றி எழுதும்போது, பெண்ணுரிமைக் கொள்கைகள் இருந்த இடத்தில் குடும்பக் கொள்கைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்பதைச் சுட்டுகிறார்கள். அந்த இடமாற்றத்தில் 'பெண்' என்ற சொல்லே அரசுக் கோப்பிலிருந்து போய்விடுகிறது. அங்கே தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு குழந்தைகளாவது பிறந்தனவா? ஹங்கேரியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.2 குழந்தை என்றிருந்தது 2021இல் 1.6 வரை ஏறி, 2024இல் மீண்டும் 1.4க்குக் கீழே இறங்கியது. போலந்தில் 2017இல் 1.45, 2024இல் 1.1. கருவின் பெயரால் அத்தனை சட்டம் போட்ட நாட்டில் பெண்கள் கருவுற அஞ்சினார்கள் என்பது என் ஊகம். எண்ணிக்கையை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் சிக்கலான கர்ப்பம் ஒன்று வந்தால் மருத்துவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைத் தொடுவார் என்று தெரிந்த பெண் என்ன முடிவெடுப்பாள்?

பணம் கொடுப்பதே இப்படித்தான் முடியும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பிறப்பு விகிதம் குறைகிறது என்ற இதே பயம் 1930களில் ஸ்வீடனைப் பிடித்து ஆட்டியது. ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் தம்பதி 1934இல் அதைப் பற்றி எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆல்வாவின் வாதம் வேறு திசையில் போனது. பெண் வேலைக்குப் போவதால் பிள்ளை குறையவில்லை; வேலைக்குப் போகிறவள் பிள்ளை பெற்றால் தெருவில் நிற்க வேண்டியிருப்பதால் குறைகிறது. எனவே வேலையைப் பாதுகாக்க வேண்டும். கருத்தடை பற்றி அறியும் தடையையும் நீக்க வேண்டும். வேண்டிப் பெற்ற பிள்ளைகளே பிறக்க வேண்டும். 1930களின் கடைசியில் கருத்தடைத் தகவல்களுக்கான தடை அங்கே நீங்கியது. திருமணத்தையோ கர்ப்பத்தையோ காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதே பயம், அதே பணம், வேறு முகவரி. ஆல்வாவைத் தெய்வமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக்கூடாது என்று அதே ஸ்வீடன் 1970களின் நடுப்பகுதி வரை 60,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மிர்தால் தம்பதியும் அந்தக் கொள்கையை ஆதரித்தவர்கள்தாம். நல்ல அரசு என்று நாம் நம்பும் அரசின் குடும்ப நலமும் ஒரு கட்டத்தில் யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்ற பட்டியலுக்குள் கைவிட்டிருக்கிறது.

ஆகவே தொகையின் அளவைப் பார்த்தோ, கொடுக்கும் கட்சியின் நிறத்தைப் பார்த்தோ நான் ஒரு திட்டத்தை எடைபோடுவதில்லை. இந்தப் பெண் 'மாட்டேன்' என்று சொன்னால் பணம் என்ன ஆகும்? வீட்டைவிட்டு வெளியேறினால்? பிள்ளை வேண்டாம் என்றால்? வேண்டாத வகைப் பிள்ளையைப் பெற்றுவிட்டால்? போலந்தின் முதல் விதிகளின்படி, ஒற்றைப் பிள்ளையோடு தனித்து வாழும் தாயின் வருமானம் ஒரு நபருக்கு 800 ஸ்லோட்டி என்ற வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பணக்காரத் தம்பதிக்கு 500 உண்டு. 2017இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: தனித்து வாழும் தாய், பிள்ளையின் தகப்பனிடமிருந்து நீதிமன்றம் வழியாக ஜீவனாம்சம் பெற்றதற்கான ஆணையைக் காட்ட வேண்டும். அவனைப் பார்க்கவே பயந்து ஓடிவந்தவளாக இருந்தாலும் போய் வழக்குப் போட வேண்டும். 2019இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று திட்டத்தை விரித்தபோதுதான் அது போனது. அந்த விரிவை நான் மனதார வரவேற்கிறேன், அதைச் செய்தவர்களை எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

இதே கேள்விகளை நம் ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம். 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் இருந்தது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. முதலில் 4 கிராம், பின்னர் 8 கிராம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய பெண்ணின் பெயரை எழுதி, அதன் கீழ் தாலி செய்யக் கொடுத்தார்கள். படித்த பெண்ணுக்குத்தான் உதவி என்று நிபந்தனை வைத்ததால் பள்ளியில் பெண்கள் தங்கினார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பணம் கைக்கு வரத் திருமணப் பத்திரிகை வேண்டும். மணம் வேண்டாம் என்பவளுக்கு அதில் இடமில்லை. 2022இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. என் வகுப்பிலும் அதை வாங்கும் மாணவிகள் இருக்கிறார்கள். 'வீட்டில் கேட்காமல் புத்தகம் வாங்கினேன்' என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி தம்பிக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். இரண்டும் நடக்கிறது. ஆனால் அவள் யாரை மணந்தாள், மணந்தாளா என்று அந்தப் பணம் கேட்பதில்லை.

மகளிர் உரிமைத் தொகை இன்னும் சிக்கலானது. 'உரிமை' என்ற சொல்லைப் போட்டதற்காக எனக்கு அதன்மேல் மதிப்புண்டு. செஞ்சோற்றுக் கடனை அந்த ஒரு சொல் அறுக்கப் பார்க்கிறது. (அதற்கு முன்னால் ஒரு தலைவரின் பட்டப்பெயரை வைத்தது, அறுத்த கயிற்றை மறுபடி முடிந்தது போலிருக்கிறது.) ஆனால் தொகை போவது 'குடும்பத் தலைவி'க்கு; குடும்பம் என்பது ரேஷன் அட்டை. கைம்பெண்கள், மணமாகாத தனித்த பெண்கள், திருநங்கைகள் தலைமையில் உள்ள குடும்பங்களையும் விதி ஏற்கிறது. ஓர்பான் காலத்து ஹங்கேரிக்கும் நமக்கும் இடையில் உள்ள தூரம் அது. ஆனாலும் அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்தவளின் பெயர் கணவன் வீட்டு அட்டையிலேயே கிடக்கிறது. தாய்வீட்டு அட்டைக்குத் தலைவி அவள் அம்மா. இரண்டு வீட்டிலும் அவள் உறுப்பினர், எங்கேயும் தலைவியல்ல.

இப்போது இங்கேயும் எண்ணிக்கைப் பேச்சு தொடங்கிவிட்டது. தொகுதி மறுவரையறை வந்தால் தென்மாநிலங்கள் இடங்களை இழக்கும் என்ற கவலை நியாயமானது. மத்திய அரசு சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகளைக் குறைத்ததற்குத் தண்டனையா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் அதற்கு மறுமொழியாகத் திருமண மேடைகளில் மணமக்களைப் பார்த்து, சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று நம் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் சொன்னபோதும், அதிகம் பெறச் சொல்லி ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு பேசியபோதும், குடும்பத்துக்கு மூன்று வேண்டும் என்று ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் சொன்னபோதும், இவர்களுக்குள் உள்ள பெரிய வேறுபாடுகளை நான் மறக்கவில்லை. மூவரும் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. 1976இல் 'போதும்' என்றார்கள். 50 ஆண்டு கழித்து 'போதாது' என்கிறார்கள். இரண்டு முறையும் கணக்கு நாடாளுமன்றத்துடையது.

கடன் கேள்விக்கு வருகிறேன். துரியோதனன் கொடுத்தது அவன் நாடு, அவன் சோறு. கர்ணனுக்குக் கடன் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 500 ஸ்லோட்டி யாருடைய சோறு? சோப்பு வாங்கும்போது 23 விழுக்காடு வரி கட்டியவளுடைய சோறு. சம்பளமில்லாமல் சமைத்து, துவைத்து, நோயாளியைத் தூக்கி, அந்த நாட்டின் உழைப்பாளிகளை ஒவ்வொரு காலையும் வேலைக்கு அனுப்பிவைத்தவளுடைய சோறு. தன் பானையிலிருந்து தனக்குப் பரிமாறியவனுக்கு அவள் என்ன கடன்பட்டாள்? வாங்கலாமா என்று நான் முதலில் கேட்ட கேள்வியே கொஞ்சம் கோணலானது; அவளுடையதை அவள் வாங்குவதற்கு யாரிடம் அறம் கேட்க வேண்டும்?

போலந்துப் பெண்கள் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஏழாண்டுக்கு மேல் அந்தப் பணத்தை வாங்கினார்கள். 2023 அக்டோபர் 15 தேர்தலில், 74 விழுக்காடு வாக்குப் பதிவில், இளம்பெண்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள். 'சட்டமும் நீதியும்' கட்சி தனிப்பெரும் கட்சியாக வந்தும் பெரும்பான்மையை இழந்தது. சோற்றையும் தின்றார்கள், எதிரேயும் நின்றார்கள். நன்றிகெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல நம் காவியத்தில் ஒரு சொல் தயாராக இருக்கும்.

அதன்பின் வந்த அரசு பணத்தைத் தொடவில்லை. 500 என்பது 2024 ஜனவரி முதல் 800 ஆனது. செயற்கைக் கருத்தரிப்பு நிதியுதவியும் திரும்ப வந்தது. கருக்கலைப்புக்கு உதவுபவரைத் தண்டிக்கும் சட்டத்தைத் தளர்த்த 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 215, எதிர்ப்பு 218. புதிய ஆளுங்கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்த்து வாக்களித்தவர்கள் உண்டு. பெண்களின் வாக்கால் வந்தவர்கள் மூன்று வாக்கு குறைவு என்றார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் புது அரசு தன் சொந்தக் குடும்பத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்று வயது வரை குழந்தை உள்ள பெற்றோர் வேலைக்குத் திரும்பினால் மாதம் 1500 ஸ்லோட்டி. வேலைக்குப் போகிற தாயை ஊக்குவிக்கிறது, நிச்சயமாக முன்னேற்றம்தான். மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பாப்சோவே'. பாப்சா என்றால் பாட்டி; பாட்டிக் காசு என்று சொல்லலாம். தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் பாட்டி, அவளுக்குக் கொடுக்க அந்தப் பணம். அங்கே பெண்களின் ஓய்வு வயது 60, ஆண்களுக்கு 65. ஐந்தாண்டு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுகிற, அதனாலேயே ஓய்வூதியமும் குறைவாக வாங்குகிற அந்தப் பாட்டிக்கு அந்த 1500இல் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் அந்தத் தொகை எவ்வளவு என்று தேடவே வேண்டியதில்லை.